படத்தில் நாலாவது ஆள்

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. ஜேர்மனியில் ஒரு பழைய நகரத்தின் சதுக்கம்; பின்னால் மணிக்கூட்டுக் கோபுரம்; முன்னால் நான்கு பேர். என் மனைவி, எங்கள் மகள், மனைவியின் தம்பி, அவனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தப் பெண் யாரென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்பார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி அங்கேயே கலியாணம் முடிச்சிட்டார் போல" என்பார்கள். மனைவி, "சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்பாள்.

படத்தை எடுத்தவன் நான். என் வாழ்நாளில் நான் எடுத்தவற்றுள் எவருடைய தலையும் வெட்டுப்படாமல் வந்த ஒரே படம் இது. பிறகு அது செய்த வேலையை நினைத்தால், வழக்கம்போல் தலைகளை வெட்டியே எடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

எல்லாம் மாமியிடமிருந்து தொடங்கியது. மாமி, அதாவது மனைவியின் தாய், யாழ்ப்பாணத்தில் மகனோடு இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஊர்களில் ஒரு புது வழக்கம் உண்டாயிற்று. ஒருநாள் வெளியே போன பிள்ளை இனி வரமாட்டான் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பெற்ற தாய்க்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். "அவன் வெளிநாட்டுக்குப் போட்டான்" என்பார்கள். அந்தக் காலத்தில் உயிரோடு இருந்தவர்களும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதால் அதை நம்புவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

மாமியின் பின்வீட்டில் ஓர் அம்மா இருந்தார். நெஞ்சு வருத்தக்காரி, அதிர்ச்சி தாங்க மாட்டார். அவருடைய மகன் அப்படிப் போனவன்தான். ஒழுங்கைச் சனம் முழுவதும் கூடி யோசித்து அவனை ஜேர்மனிக்கு அனுப்பியது. அனுப்பினால் போதாது, கடிதம் வர வேண்டுமே. அந்தப் பொறுப்பை மாமி எடுத்துக்கொண்டார். பெடியனின் பழைய பள்ளிக் கொப்பி ஒன்றைப் பார்த்து அவனுடைய கையெழுத்தைப் பழகினார்; முப்பது வருடம் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தியவருக்கு அதைக் கெடுத்து எழுதுவது பெரிய காரியமில்லை. "அம்மா, இங்க ஒரே பனி, நான் கம்பளிச் சட்டை வாங்கிட்டன்" என்று எழுதுவார். தபால்காரன் தந்ததாகச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுப்பார். பனி பற்றிய விவரங்களை நான் ஆக்லாந்திலிருந்து எழுதிய கடிதங்களிலிருந்து எடுத்தாராம். ஆக்லாந்தில் பனி கொட்டுவதில்லை. வெளிநாட்டுக் கடிதம் என்றால் எதிர்பார்ப்பார்களே என்று மரியாதைக்காகக் கொஞ்சம் சேர்த்திருந்தேன். அது ஊருக்குள் இப்படிப் பயன்படும் என்று யார் கண்டது.

அடுத்த வருடம் மாமியின் சொந்த மகன் கொழும்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்கே கடந்து, அங்கே தஞ்சம் கேட்டான். பிறகு, உண்மையாகவே ஜேர்மனியிலிருந்து, உண்மையாகவே தன் கையால், "அம்மா, இங்க ஒரே பனி" என்று எழுதினான்.

மாமி அதை வாசித்துவிட்டு மகளுக்கு எழுதினார்: "தம்பி ஜேர்மனியில் இருப்பதாகக் கடிதம் வந்தது. எழுத்து அவனுடையது மாதிரியே இருக்கிறது. நல்ல முயற்சி. யார் எழுதுகிறார்களோ அவர்களைக் கஷ்டப்பட வேண்டாமென்று சொல்."

மனைவி எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தாள். நான் ஒரு நீண்ட கடிதத்தில் தர்க்கரீதியாக நிரூபித்தேன். அதற்குப் பதிலே வரவில்லை. தொலைபேசி யாழ்ப்பாணத்துக்குப் போவது நின்றிருந்தது. அவனுடைய படம் ஒன்றை அனுப்பினோம். பழைய படம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில் மாமியே ஒரு வழி சொன்னார். அவன் இருப்பது உண்மையானால் அவனும் அக்காவும் பேத்தியும் ஒரே படத்தில் நிற்கட்டும். பேத்தி வளர்ந்திருக்கிற அளவில் காலம் தெரியும். ஆசிரியை அல்லவா, திகதியை எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியும்.

லண்டனில் மனைவியின் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. திரும்பும் வழியில் பிராங்க்பேர்ட்டில் விமானம் மாற ஒரு பகல் முழுவதும் கிடைத்தது. தம்பி இருந்த நகரம் அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அவனால் எங்களிடம் வர முடியாது. வழக்கு முடியும்வரை தஞ்சம் கேட்டவர்கள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. ஆகவே நாங்கள் போக வேண்டும். நகரின் பெயரை இங்கே எழுதவில்லை. ரகசியம் ஒன்றுமில்லை, எனக்கு அதைச் சரியாகச் சொல்ல இன்றுவரை வரவில்லை.

கமரா இரவல். ஆக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த ஒரு பிஜிக்காரர் தந்தது. மின்சார வேலை செய்பவர். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். வீட்டில் மிஞ்சியிருந்த கொஞ்சத் தமிழைக் கவனமாகச் சேர்த்துப் பேசுவார். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. சூரியன் எப்பவும் உங்க முதுகுல. மீதி எல்லாம் கமரா பாத்துக்கும்" என்றார். தோல் உறையைத் தடவிக் கொடுத்துவிட்டு, பெண்ணைக் கட்டிக் கொடுப்பவர் மாதிரிப் பார்த்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையாவது இரண்டு கையாலும் பிடித்தால் முழங்கைகள் தாமாகவே விரிந்துவிடும். பத்திரிகை வாசிக்கும்போது, சோற்றுக் கோப்பையைத் தூக்கும்போது, எல்லாம். விமானத்தில் பக்கத்து ஆசனக்காரர் இரண்டு முறை இடம் மாறிப் பார்த்தார். "காகம் செட்டை காயவைக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் மடக்குங்கோ" என்றாள் மனைவி.

ரயில் நிலையத்தில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிறகு மாமியை நான் குறை சொல்ல முடியாமல் போனதற்கு இதுவே காரணம். நான் கடைசியாகப் பார்த்தபோது கன்னம் புடைத்த, தலை நிறைய முடியோடு இருந்த பெடியன். இப்போது நெற்றி மேலேறி, கன்னம் உள்ளே போய், யாருடையதோ என்று பார்த்தவுடன் தெரிகிற பெரிய கோட்டுக்குள் ஒருவன் நின்றான். முன்பல் ஒன்று இல்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடினான். விடுதிப் படியில் விழுந்ததாம். அவனுடைய கோட்டில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அதை மனைவி கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். எங்கள் வீடுகளில் கட்டிப்பிடிக்கிற வழக்கமில்லை.

"மாமாக்கு ஹலோ சொல்லு" என்றாள் மகளிடம். மகளுக்கு ஏழு வயது, ஆக்லாந்தில் பிறந்தவள்.

"ஹாய்" என்றாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பி, "வேர்ஸ் ஹிஸ் டூத்?" என்று கேட்டாள்.

நான் ஆக்லாந்து நூலகத்திலிருந்து வழிகாட்டிப் புத்தகம் எடுத்து மூன்று கிழமை படித்திருந்தேன். தேவாலயத்தின் எந்தத் தூண் எந்த நூற்றாண்டு என்று கேட்டால் சொல்வேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன். தம்பி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "ஓம் அத்தான். இந்தக் கோயில்தான் உள்ளுக்கச் சூடு. மற்றது ரெண்டும் குளிர்" என்றான்.

வேலை செய்ய அவனுக்கு அனுமதியில்லை. படிக்கவும் இல்லை. ஊரை விட்டுப் போகவும் இல்லை. விடுதியில் ஓர் அறைக்குள் ஆறு பேர். விடிந்தால் வெளியே வந்து இந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பான், பொழுது பட்டால் திரும்பிப் போவான். இரண்டு வருடமாக இதே வேலை. உலகத்தில் ஆயிரக்கணக்கானோர் காசு செலவழித்து ஒருநாள் வந்து பார்க்கிற இடத்தை அவன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வாங்கில் உட்கார்ந்தால் எப்போது வெயில் விழும், எந்தக் கடைக்காரி முறைப்பாள், எந்தச் சிலைக்குப் பின்னால் காற்று அடிக்காது, இவையெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தன. எங்கள் புத்தகத்தில் இவற்றில் ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஒரு கதவு திறந்து மரப்பொம்மைகள் சுற்றி வந்தன. ராசா, ராணி, குருவானவர், கடைசியில் எலும்புக்கூடு ஒன்று மணி அடித்துக்கொண்டு போயிற்று. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தம்பி அண்ணாந்தும் பார்க்கவில்லை.

"தம்பி, இதில நில். படம் எடுப்பம்" என்றாள் மனைவி.

"இதில வடிவில்லை அக்கா. கூட்டம். நீங்கள் நில்லுங்கோ, நான் எடுக்கிறன். அத்தான், கமராவைத் தாங்கோ."

எடுத்தான். தேவாலய வாசலில், "இருட்டு அக்கா, பிறகு எடுப்பம். நீங்கள் நில்லுங்கோ." எடுத்தான். கல் ஊற்றுக்குப் பக்கத்தில், "தண்ணி தெறிக்கும், கமரா பழுதாப் போம்." அங்கேயும் எங்களைத்தான் எடுத்தான். இரண்டு பிலிம் சுருளை லண்டன் கல்யாணம் தின்றுவிட்டது. கையிலிருந்தது ஒரு சுருள். கமராவின் முதுகில் எண் ஏறிக்கொண்டே போவதை நான் பார்த்தேன். மனைவி பார்க்கவில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் தம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சூடான தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த வாங்கில் சாப்பிட்டோம். மனைவி லண்டனிலிருந்து இடியப்பமும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் அந்த நகரத்துப் புகழ்பெற்ற சொசேஜ் என்கிற தொத்திறைச்சி பற்றி ஒரு பந்தி படித்திருந்தேன். அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இடியப்பம் சாப்பிட்டேன். தம்பி இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு, "மிச்சத்தைக் கொண்டு போறன், அறையில பெடியள் இருக்கிறாங்கள்" என்று சுற்றி வைத்தான்.

மகளுக்கு ஆக்லாந்திலிருந்தே ஒரு கோட்டை வாக்களிக்கப்பட்டிருந்தது. கோட்டை ஆற்றுக்கு அக்கரையில், குன்றின்மேல். கல்பாலத்தில் நடந்தோம். பாதியில் தம்பி நின்றுவிட்டான்.

"அக்கா, நீங்கள் போட்டு வாங்கோ. அங்கால வேற மாவட்டம்."

"பட்டப்பகலில ஆர் பாக்கப் போறான்?" என்றேன் நான். பதினோராயிரம் மைல் தள்ளி வாழ்கிறவனுடைய துணிச்சல்.

"போன மாசம் ஒருத்தன் போய்ப் பிடிபட்டவன் அத்தான். வழக்கில அதையும் எழுதுவாங்கள்."

மனைவி போக மறுத்தாள். மகள் அழத் தொடங்கினாள். கடைசியில் தாயும் மகளும் போவதென்றும் நான் அவனோடு இருப்பதென்றும் முடிவாயிற்று. பாலத்தின் இக்கரையில் ஒரு கல் வாங்கில் உட்கார்ந்தோம். இந்த நேரத்தில் இதில் வெயில் விழும் என்றான், விழுந்தது.

கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தோம். பிறகு கேட்டேன்.

"தம்பி, ஏன் படத்துக்கு நிக்கிறாயில்லை?"

"நிப்பன். பிறகு."

"பிறகு எண்டா? பின்னேரம் ரயில்."

கோட்டின் கையைக் கீழே இழுத்து விரல்களை மூடிக்கொண்டான். "முதல் வழக்குத் தோத்திட்டன் அத்தான். அக்காக்குச் சொல்லேல்லை. மேல அப்பீல் போட்டிருக்கு. அதுவும் சரிவராது எண்டுதான் எல்லாரும் சொல்லுறாங்கள்."

"சரிவராட்டி?"

"திருப்பி அனுப்புவாங்கள்." அதைப் பஸ் பிந்தும் என்பது போலச் சொன்னான். "அத்தான், அம்மா என்னை அழுது முடிச்சிட்டா. இப்ப படத்தைக் காட்டி, உன்ர பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டு சொல்லுறது. அவ நம்புறா எண்டு வையுங்கோ. நாளைக்கு என்னை அனுப்பி, எனக்கு ஒண்டு நடந்தா? இன்னொருக்கா முதலில இருந்து அழ வேணும். ஒருக்கா அழுதது காணாதே?"

நான் நிறையப் படித்தவன் என்று ஊரில் பெயர். ஒன்றும் தோன்றாவிட்டால் நான் தகவல் சொல்வேன். "இந்தப் பாலம் ஐந்நூறு வருசம் பழசு" என்றேன்.

"ஓம்," என்றான். "போர்டில போட்டிருக்கு."

அக்கரையில், கோட்டை மதில்மேல், சிவப்புப் புள்ளி ஒன்று கையசைத்தது. மகளின் சட்டை. இருவரும் எழுந்து நின்று கையசைத்தோம். தம்பி நெடுநேரம் அசைத்துக்கொண்டே நின்றான்.

பின்னேரம் சதுக்கத்துக்குத் திரும்பினோம். ரயிலுக்கு அரை மணி நேரம் இருந்தது. மனைவி என்னிடம் கேட்டாள்.

"எத்தினை படம் மிச்சம்?"

"ஒண்டு."

"ஒண்டோ?"

"ஒண்டுதான்."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவனைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை.

"டேய். இஞ்ச வா. அம்மாக்கு வேண்டாம். அனுப்பிறதோ விடுறதோ பிறகு பாப்பம். எனக்கு வேணும். வா."

அவன் என்னைப் பார்த்தான். நான் கமராவின் உறையைப் பார்த்தேன். பிறகு அவன் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். மகள் முன்னால் நின்றாள். சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு, பிஜிக்காரரை நினைத்துக்கொண்டு, கமராவைத் தூக்கினேன்.

"நில்லுங்கோ," என்றாள் மனைவி. "மூண்டு பேர்."

தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. மூன்று பேராக நின்று படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஒருவருக்கு ஆகாது. இதைக் கேட்டுச் சிரிக்கிற அளவுக்கு நான் படித்திருந்தேன். ஆனால் அன்று சிரிக்கவில்லை. மாமியின் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தது. பரீட்சை முடிந்த அன்று மூன்று சிநேகிதர்கள் ஸ்டூடியோவில் போய் எடுத்தது. ஒருவன் பின்வீட்டுப் பெடியன். இன்னொருவன் அவனோடு போனவன். மூன்றாவது ஆள் என் எதிரில், பெரிய கோட்டுக்குள் நின்றான். அவன் ஏற்கனவே ஓர் அடி விலகியிருந்தான்.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் நில்லுங்கோ. பிள்ளை விலகட்டும்" என்றேன்.

"பிள்ளை இல்லாட்டி அம்மா காலத்தை எப்பிடிப் பாப்பா?"

"அப்ப நீர் விலகும். மாமாவும் பிள்ளையும்."

"ஐ டோன்ட் வோன்ட் டு" என்றாள் மகள், பல்லைப் பார்த்தபடி.

"நான் விலகுறதோ?" என்றாள் மனைவி. அந்தக் குரலுக்குப் பிறகு அந்த யோசனையை நான் தொடரவில்லை.

"கமராவை ஆரிட்டையும் குடுத்திட்டு நானும் வந்து நிக்கிறன்."

"இரவல் சாமான். அவன் அதைக் கொண்டு ஓடினா? உங்களுக்கு ஓடத் தெரியுமோ?"

தானாகப் படம் எடுக்கும் வசதியும் கமராவில் இருந்தது. எப்படி என்று கேட்டுக்கொண்டு வர நான் மறந்திருந்தேன்.

கல் ஊற்றின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், பக்கத்தில் சைக்கிள். மனைவி நேரே அவளிடம் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பிடித்தாள், எழுப்பினாள், கூட்டிக்கொண்டு வந்தாள். கல்யாண வீட்டில் ஒதுங்கி நிற்கிற மச்சாளை இழுத்துவருகிற மாதிரி. எண்ணிக்கைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான், யாராயிருந்தால் என்ன.

தம்பி வெட்கத்தோடு ஜேர்மன் மொழியில் ஏதோ விளக்கினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐஸ்கிரீமை ஊற்றின் விளிம்பில் வைத்துவிட்டு வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பொத்தானை அமுக்குகிற நேரத்தில், அந்த ஊர் வழக்கமோ அவளுடைய சுபாவமோ, அவனுடைய கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள். அவன் திடுக்கிட்டு வாயை இறுக்கி மூடினான்.

கமரா தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. அந்தப் பெண் எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்து, உருகின ஐஸ்கிரீமை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போனாள்.

ரயில் புறப்படும்போது மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவன் இடியப்பப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பெட்டிகள் போன பிறகும் அதே இடத்தில் நின்றான். விடுதிக்குப் போக இன்னும் வெளிச்சம் இருந்தது.

ஆக்லாந்தில் மருந்துக்கடையில்தான் படம் கழுவுவார்கள்; சுருளை அங்கே கொடுத்தோம். கடைசிப் படம் நன்றாக வந்திருந்தது. நாலு பேர், நாலு தலை, பின்னால் மணிக்கூடு. முன்னால் கல் தரையில் என் நிழல் நீளமாக விழுந்திருந்தது. சூரியனை முதுகில் வைக்கச் சொன்னவர் நிழலை எங்கே கொட்டுவதென்று சொல்லவில்லை.

மனைவியிடம் நான் பாலத்தடியில் கேட்டதைச் சொன்னேன். ஒரு கிழமை யோசித்தாள். பிறகு, "அவ தாய். தெரிஞ்சுகொண்டு அழட்டும்" என்றாள். தபாலை நம்பாமல், ஊருக்குப் போன ஒருவரிடம் படத்தைக் கொடுத்துவிட்டோம். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனைவி தபால் பெட்டியடியில் நின்றே வாசித்துவிட்டு என்னிடம் தந்தாள்.

"பிள்ளை, படம் கிடைத்தது. பேத்தி நன்றாக வளர்ந்துவிட்டாள், உன் நெற்றிதான். நீ மெலிந்துபோனாய். நடுவில் நிற்கிற பிள்ளை யாரென்று தெரியவில்லை. தம்பியின் சாடை கொஞ்சம் இருக்கிறது, எங்கே தேடிப் பிடித்தீர்களோ. ஆனால் இவருக்கு வயது கூட, கன்னமும் இல்லை. தம்பி படத்துக்குப் பல் தெரியச் சிரிக்காமல் நின்றதில்லை. கையைப் பிடித்து நிற்கிறவ அவருடைய மனைவி போல. நல்ல முகம். புருஷனை எங்களுக்காக வந்து நிற்க விட்டதற்கு என் நன்றியைச் சொல். உன்னை நான் கோபிக்கவில்லை. நானும் பின்வீட்டுக்கு இதைத்தானே செய்தேன், படம் எடுக்கிற யோசனை மட்டும் எனக்கு வரவில்லை. கீழே விழுந்த நிழல் மருமகனுடையது. முழங்கைகளைக் கண்டவுடன் தெரிந்தது. அவரைச் சுகம் கேட்டதாகச் சொல்."

அந்தப் படத்தில் மகனைத் தேடிய மாமி, அதில் இல்லாத என்னை மட்டும் சந்தேகத்துக்கிடமில்லாமல் கண்டுபிடித்திருந்தார்.

மனைவி விடுதிக்குத் தொலைபேசி எடுத்தாள். யாரோ கூப்பிட்டு, யாரோ தேடி, கடைசியில் அவன் வந்தான். அவள் கடிதத்தை வாசித்துக் காட்டினாள்.

"நல்லது அக்கா," என்றான். "அப்பிடியே இருக்கட்டும்."

அதன் பிறகும் ஒரு வருடம் போல அவன் எழுதிக்கொண்டிருந்தான், எங்களுக்கும் அம்மாவுக்கும். அம்மா அவனுக்குப் பதில் போட்டாராம்: யார் பெற்ற பிள்ளையோ, இந்தக் கிழவிக்காக மினக்கெட்டு எழுதுகிறீர்கள், குளிருக்குக் கவனமாயிருங்கள் என்று. அதை அவன் எங்களுக்கு அப்படியே எழுதியிருந்தான், பக்கத்தில் ஒரு கருத்தும் சொல்லாமல்.

பிறகு கடிதம் நின்றது. நாங்கள் அனுப்பியவை திரும்பி வந்தன. விடுதித் தொலைபேசியில் தமிழ் தெரிந்த யாரும் இப்போது இல்லை. இரண்டாவது வழக்கு என்ன ஆயிற்று என்று எழுதிக் கேட்டோம். கேட்ட இடத்திலிருந்து பதில் இல்லை. போன வருடக் கடைசியில் ஒருவர் இங்கே வந்தார், பாரிசிலிருந்து வந்தவர். விருந்து வீடொன்றில் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "தம்பி பிரான்சுக்குப் போட்டார் அக்கா. நல்லா இருக்கிறார். யோசிக்காதேங்கோ" என்றார்.

"நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"என்ர சிநேகிதன் ஒருத்தன் கண்டவன்."

நல்ல மனிதர். குரலில் அவ்வளவு கனிவு. மனைவியும் நானும் காரில் வீட்டுக்குத் திரும்பினோம். மவுண்ட் ஆல்பர்ட் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, "படம் ஒண்டு கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். கேட்டிருந்தால் வந்திருக்கவும் கூடும். அதில் யார் நின்றாலும் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள்தான் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். அதுவரை அலுமாரிக்குள் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஆக்லாந்துக்கு வந்த ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்தது. அந்த அம்மா தேநீரோடு சுவரடியில் போய் நின்றார். எல்லோரையும் போல நன்றாகப் பார்த்தார்.

"உங்கட தம்பியோ? வெள்ளைக்காரியை முடிச்சிட்டார் போல."

நான் சீனிக் கேள்வியை எதிர்பார்த்தேன்.

"ஓம்," என்றாள் மனைவி. "பிரான்சில இருக்கினம். நல்லா இருக்கினம்."

மகள் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டேன்.